ஆள் உள்ள கேட்

அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேப்பில் மட்டும் அவர் டூட்டியில் இருந்தார். அவரை அங்கே நிறுத்தி வைத்திருந்தது நான்தான்.

இதை முதன்முதலாக அம்மாவிடம் சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை இரவு மணி ஒன்று. விடிந்தால் எங்கள் ஊருக்கு டிரைவர் இல்லாத பள்ளிக்கூட பஸ் வரப்போகிறது. ஊரே அதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு தூங்கியது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

"எம்மா, தூங்கிட்டியா?"

"தூங்கினா பதில் சொல்லுவேனா. என்னட்டி?"

"ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா."

இருட்டில் அம்மா எழுந்து உட்காருவது தெரிந்தது. பதினாறு வயது மகள் நடுராத்திரியில் இப்படிச் சொன்னால் ஒரு தாய் என்னவெல்லாம் நினைப்பாள்? அதையெல்லாம் அவள் நினைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"பையனா?"

"இல்லம்மா."

"பின்ன?"

"மேப்பு."

"மேப்பா?" அம்மா நீளமாக மூச்சு விட்டாள். "எழவு, மேப்புக்கா இந்தப் பாடு? நெஞ்சே நின்னு போச்சுல்லா. படு."

"அப்பா நின்ன கேட்டும்மா," என்றேன். அவள் படுக்கவில்லை.

வழிக்கண் மேப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்துவரும். வீட்டில் உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்தினால் அந்தத் தெருவில் நாமே நடப்பது போல இருக்கும். டிரைவர் இல்லாத வண்டிகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. எங்கே வேகத்தடை, எங்கே ரயில்வே கேட், எங்கே சிக்னல் என்று அதில் குறி போட்டிருக்கும். கேமரா கார் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், இடையில் எதுவும் மாறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் இதற்குத் தனி மார்க் உண்டு. எனக்குக் கொடுத்தது எங்கள் ஒன்றியத்தின் ரயில்வே கிராசிங்குகள், மொத்தம் பதினான்கு. படத்தைப் பார்த்து, இப்போதும் அப்படியே இருந்தால் 'மாற்றமில்லை' என்று அழுத்த வேண்டும்.

ஒன்பதாவது கிராசிங் அப்பாவுடையது.

கேமரா கார் வந்த அன்று அதை ஏதோ அதிகாரியின் இன்ஸ்பெக்‌ஷன் என்று அப்பா நினைத்துவிட்டார். அதனால் அந்தச் சாலையில் அவர் ஐந்து படங்களில் இருக்கிறார். முதல் படத்தில் கேட் கீப்பர் அறையிலிருந்து வெளியே வருகிறார். இரண்டாவதில் சட்டைப் பொத்தானைப் போடுகிறார். மூன்றாவதில் பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சல்யூட் அடிக்கிறார். நான்காவதிலும் சல்யூட், கார் தாண்டிப் போனபிறகும் கையை இறக்கவில்லை. ஐந்தாவதில் முதுகைக் காட்டிக்கொண்டு கழுத்தைச் சொறிகிறார். முகத்தை வழிக்கண் மங்கலாக்கிவிடும். ஆனால் அந்தக் கழுத்தை எனக்குத் தெரியாதா?

ஐந்தையும் போனில் தனித்தனியாக எடுத்தும் வைத்திருக்கிறேன். அவை வெறும் போட்டோக்கள். மேப்பில் அப்படியில்லை. நான் சாலையில் நடந்து போவேன். நான் ஒரு அடி வைத்தால் அவர் பொத்தான் போடுவார். இன்னொரு அடி வைத்தால் சல்யூட் அடிப்பார்.

அப்பா போய் எட்டாவது மாதத்தில் கேட்டை எடுத்துவிட்டார்கள். வண்டிகளுக்கே வழி தெரியும் காலத்தில் குறுக்குக் கட்டையும் ஆளும் எதற்கு என்று அறையையும் இடித்தாயிற்று. மேப்பில் நான் 'மாறிவிட்டது' என்று அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தினால் பழைய படம் போய்விடும். 'மாற்றமில்லை' என்று மூன்று தடவை அழுத்தினேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி முடித்தேன்.

"சரி," என்றாள் அம்மா. "படம் பாக்கதுக்கு அமுக்கின. அதுக்கு இப்ப என்ன?"

"நாளைக்கு வார பஸ்ஸு அந்த வழிதாம்மா போவுது."

"போவட்டும்."

"ஆள் இல்லாத கிராசிங்னா பஸ் நிக்கும். ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போவும். ஆள் உள்ள கேட்டுன்னா நிக்காது. கட்டை கீழ இருந்தாத்தான் நிக்கும்."

"அங்க கட்டையே இல்லையேட்டி."

"அதாம்மா. கட்டையக் காணும்னா அது, கேட்டு திறந்திருக்குன்னு நெனச்சிக்கிடும்."

அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"மாதா கோயில் ஸ்டாப்பு ஆறே முக்கால். கேட்டுக்கு ஒரு ஆறு அம்பது, அம்பத்தொண்ணு."

எங்கள் வீட்டில் ரயில்களுக்குப் பெயர் கிடையாது, நேரம்தான். அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்: "ஆறு அம்பத்திரண்டு."

அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்து வரும். உடைமரம் முள்ளும் கிளையுமாகச் சாலை வரைக்கும் மண்டிக் கிடக்கிறது. ரயில் கிட்டத்தில் வந்தபிறகுதான் கண்ணில் படும். ஊர்க்காரர்கள் காதை வைத்துக் கடந்துவிடுவார்கள். அந்த பஸ்ஸுக்கு மேப்தான் எல்லாம்.

"எத்தன பிள்ளைய அதுல?"

"இருபத்திரண்டு. என்னையும் சேத்து."

அம்மா என் கையை விடவில்லை. "நீ ஒருத்தி அமுக்கினா அப்படியே ஏத்துக்கிடுமா அது?"

"இல்ல. ரெண்டு பேரு ஒரே பதிலச் சொல்லணும். இன்னொரு ஆளு யாருன்னு நமக்குக் காட்டாது. யாரோ ஒரு சோம்பேறி நேர்ல போய்ப் பாக்காமலே மூணு தடவையும் அமுக்கியிருக்கு. அந்த ஆளு ஒழுங்கா அமுக்கியிருந்தா இந்த வெனையே இல்ல."

"சோம்பேறி இல்ல," என்றாள் அம்மா.

தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அவள் மகளிர் குழு மூலமாக மேப் வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று ஏதோ பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். திரை வெளிச்சத்தில் அவள் மூக்கு நனைந்திருந்தது. போனை என் பக்கம் திருப்பினாள். அப்பா பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தப் படந்தான்," என்றாள். "நீ சல்யூட்டப் பாப்பியா?"

தலையை ஆட்டினேன்.

"சட்டையப் போட்டுட்டு நில்லுங்க, யாராவது ஆபீசர் வந்திருவாவன்னு தெனமும் சொல்லுவேன்," என்றாள் அம்மா. "ஒருநாளும் கேக்கமாட்டாவ. இந்தப் படத்துலதான் அவசர அவசரமாப் போடுதாவ."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு ஒரே நேரத்தில், அவரவர் போனில், 'மாறிவிட்டது' என்று அழுத்தினோம். மேப் உடனே பதில் சொன்னது: 'உங்கள் பதில் பெறப்பட்டது. புதிய படம் கிடைக்கும்வரை பழைய நிலையே தொடரும். ஏழு முதல் பத்து நாட்கள்.' அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், தெரிந்தே தவறான குறி இடுவது தண்டனைக்குரிய குற்றம் என்றும் இருந்தது.

"செயில்ல போடுவாவளாம்மா?"

"போட்டா ரெண்டு பேரையும் சேத்துதான போடணும். படுட்டி. அஞ்சு மணிக்கு எழும்பணும்."

"எதுக்கு?"

"கேட்டுக்கு ஆளு வேணும்லா."

வீட்டில் இருந்த ஒரே சிவப்புத் துணி அம்மாவின் பழைய உள்பாவாடை. அதை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் போய் நின்றுவிட்டோம். பால்காரர் பார்த்துவிட்டு, "என்ன எஸ்தரக்கா, ஊர்வலமா?" என்று கேட்டார். "ஆமா, வாரியா?" என்றாள் அம்மா. ஆறு ஐம்பதுக்கு பஸ் சத்தமே இல்லாமல் வளைவில் திரும்பியது. அம்மா சாலை நடுவில் போய்க் கம்பைத் தூக்கினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் பத்தடிக்கு முன்னாலேயே பதவிசாக நின்றது. கண்ணாடிக்குள்ளே பிள்ளைகள் பாவாடையைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆறு ஐம்பத்திரண்டு கடந்து போனது. காற்றில் என் பின்னல் பறந்து வாயில் அடித்தது.

பஸ் போனபிறகு அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தப்பிச்சோம்," என்றேன். அப்போது இரண்டு பேர் போனும் ஒன்றாக ஒலித்தன.

'புதிய படம் கிடைத்தது. இன்று காலை 6.51. ஆள் உள்ள கேட். உறுதிசெய்யப்பட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

பஸ்ஸின் கேமரா எடுத்த படம். அப்பா சல்யூட் அடித்த அதே இடத்தில் அம்மா சிவப்புத் துணியோடு நிற்கிறாள். முகம் மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு மங்கலான முகம், என்னுடையது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாளைக்கும் நிக்காது?"

"நிக்காது. நாம நின்னாத்தான் நிக்கும்."

"நாம நின்னா, ஆளு இருக்குன்னு எழுதிக்கிடும்."

"ஆமா."

"அப்படின்னா நான் சாவுத வரைக்கும் இங்கயே நிக்கணுமோ?" என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. வழிக்கண் உதவி எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தோம். மெஷின் குரல்தான் திரும்பத் திரும்பப் பேசியது. பதினோராவது தடவை ஒரு மனுஷக் குரல் வந்தது. ஒரு அக்கா, ரமணி என்று பெயர் சொன்னார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. நான் கிராசிங் எண்ணைச் சொல்லி, அங்கே ஆள் கிடையாது என்றேன்.

"இன்னைக்குக் காலைல எடுத்த படமே இருக்குதுங்களே, கண்ணு. சிவப்புத் துணியோட ஒரு அம்மா நிக்கறாங்க."

"அது எங்க அம்மா. அவங்க கேட் கீப்பர் இல்ல."

"சரி. நீங்க புகார் குடுக்கறவங்களா? இல்ல, முன்னாடி அங்க குறி போட்டவங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "புகார் குடுக்கிறவங்க" என்று சொல்லியிருக்கலாம்.

"குறி போட்டவங்கதான். ரெண்டு பேருமே," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பொத்தான், சல்யூட், கழுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

போனில் பின்னால் யாரோ டீ வேண்டுமா என்று ரமணி அக்காவைக் கேட்பது காதில் விழுந்தது.

"இத நான் எழுதோணும்," என்றார்கள். "எழுதினா உங்க ரெண்டு பேரோட லாகினும் போயிரும். பள்ளிக்கூட மார்க்கும் போயிரும். அந்த இடத்தோட பழைய படம் மொத்தமும் எடுத்துருவாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பயப்படாதீங்க. ஆனா எழுதினாலும் ஏழு நாளாகும் கண்ணு. நாளைக்குக் காலைல பஸ்ஸு போயிருமே."

"அப்ப என்னதான் செய்ய?" அம்மா போனுக்கு அருகே குனிந்து கேட்டாள். "நீங்க அத நிப்பாட்ட முடியாதா?"

"என்கிட்ட அதுக்குப் பட்டன் இல்லீங்க. அது தன் கண்ணால பாத்தாத்தான் உடனே மாத்தும். மனுசங்க சொன்னா ஏழு நாள், அது பாத்தா ஏழு செகண்டு, அப்படித்தான் பண்ணி வச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார்கள். "பஸ்ஸுக்குள்ள கதவுக்கு மேல சிவப்புப் பட்டன் ஒண்ணு இருக்கும். அத அமுக்கினா பதினஞ்சு மீட்டர்ல நின்னுரும். கேட்டு முன்னாடி நின்னு இருபது செகண்டு அது சுத்திப் பாக்கோணும். அப்ப அங்க ஒரு ஆளும் இருக்கக் கூடாது. துணி, கம்பு, எதுவும் கூடாது. வெறுமனே இருக்கோணும். புரியுதுங்களா? நீங்க அங்க போய் நின்னீங்கன்னா மறுபடியும் கெட்டுது."

"எழுதிக்கோங்க அக்கா," என்றேன்.

"எதை?"

"நாங்க போட்ட தப்புக் குறிய."

அன்று மாலைக்குள் எங்கள் லாகின் இரண்டும் அடைபட்டன. அடைபடும் முன் மேப்பில் கடைசியாக ஒருமுறை நடந்து பார்க்கலாம் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸின் சாயங்கால நடை பைபாஸ் வழியாகப் போகும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை ஒருமுறை சரியாக நடந்தால் போதும். வளைவு தாண்டி ஒரு வேகத்தடை இருக்கிறது. அதற்கு முன்னால் அழுத்தினால் மரம் மறைத்துவிடும், பஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. பிந்தி அழுத்தினால் தண்டவாளத்தின் மேல்தான் போய் நிற்கும். அம்மா முதல்நாளே அடி வைத்து அளந்து பார்த்தாள். மறுநாள் விடியும் முன்பே போய், உடைமரத்துக்குப் பின்னால் ஓடைக்குள் உட்கார்ந்துகொண்டாள். பஸ் நிற்கவில்லை என்றால் ஓடிவந்து குறுக்கே நிற்பதாகச் சொன்னாள். என்ன ஆனாலும் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதா கோயில் ஸ்டாப்பில் ஏறிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் வகுப்பு அபிஷா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜெமிமாக்கா, நேத்து நீங்க பாவாடையப் பிடிச்சிட்டு நின்னியல்லா."

"கம்பிய நல்லாப் பிடிச்சுக்கோ அபி."

"எதுக்கு அந்தப் பட்டனையே பாக்குதிய? அத அமுக்கினா போலீசு வரும். எங்கம்மா சொல்லியிருக்கு."

"வரட்டும்."

பஸ் வளைவில் திரும்பியது. என் உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. அழுத்தினேன்.

பஸ் குலுங்கி நின்றது. யாருடைய சாப்பாட்டு டப்பாவோ உருண்டு என் காலில் வந்து இடித்தது.

"பயணி ஒருவர் நிறுத்தியிருக்கிறார்," என்றது பஸ்ஸின் குரல். "சுற்றுப்புறத்தைப் பார்க்கிறேன்."

அது பார்த்தது. நானும் பார்த்தேன். கேட்டை எடுத்த நாளிலிருந்து இந்த இடம் வந்தாலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தபடிதான் கடந்திருக்கிறேன். இப்போது நிமிர்ந்து பார்த்தேன். அறை இருந்த இடத்தில் சிமெண்ட் தரை மட்டும் மிச்சமிருந்தது, அதில் ஆட்டுப் புழுக்கை. கட்டை நட்டிருந்த இடத்தில் துருப்பிடித்த நாலு போல்ட்டு. அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். வேறெதுவும் இல்லை. உண்மையிலேயே எதுவும் இல்லை.

"கேட் கீப்பர் தெரியவில்லை," என்றது பஸ். "இங்கே ஆள் இருக்கிறாரா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ரமணி அக்கா சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

"இருந்தாவ," என்றாள் அபிஷா. "ஆசீர் மாமா. எனக்குக் கொடிய ஆட்டக் குடுப்பாவ."

"பதில் புரியவில்லை. இங்கே ஆள் இருக்கிறாரா, இல்லையா?"

தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதும், கல்லறையில் மண் போட்டபோதும், வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டபோதும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வேறு யாராவதுதான் சொன்னார்கள்.

"இல்ல," என்றேன்.

"நன்றி. இது ஆள் இல்லாத கிராசிங் என்று பதிவாகிறது. ரயில் வருகிறது. காத்திருக்கிறேன்."

ஆறு ஐம்பத்திரண்டு எங்களுக்கு முன்னால் பெட்டி பெட்டியாகக் கடந்து போனது. பிள்ளைகள் எண்ணினார்கள். அபிஷா என் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரயில் போனதும் பஸ் கிளம்பும் என்று நினைத்தேன். அது அசையவில்லை. ஓடைக்குள்ளிருந்து அம்மா மேலேறி வந்துகொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் முள், சேலையில் சேறு. சாலையோரம் வந்து நின்று பஸ்ஸைப் பார்த்தாள். அவள் கடக்கட்டும் என்று பஸ் நின்றது. பஸ் போகட்டும் என்று அவள் நின்றாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போ போ என்று சொல்வதற்காக அம்மா கையைத் தூக்கினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். "எம்மா, கைய ஆட்டாத. ஆட்டினா ஆளுன்னு எழுதிக்கிடும்."

தூக்கிய கை பாதியில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த சிமெண்ட் தரையைப் பார்த்தாள். கையை மெல்ல இறக்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் எப்படிட்டி போவ?" என்றாள்.

"சும்மா போம்மா. ரோட்டுல எல்லாரும் போற மாதிரி."

அம்மா இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கையை வீசாமல், அந்தத் தரையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து தண்டவாளத்தைத் தாண்டினாள்.

"பாதசாரி ஒருவர் கடக்கிறார்," என்றது பஸ்.